ஆல்வினின் ஷெட்டில் ஒரு சுவர்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. உருளைக்கிழங்குத் தட்டை அடுப்புக்குள் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அபர்டீனிலிருந்து டாம்சின், பக்கத்து வீட்டு ஆல்வினின் ஒரே மகள்.

"ஹெஸ்டர், அப்பா போயிட்டாரு."

ஹார்டுவேர் கடையில் பணம் கட்டிவிட்டுத் திரும்பியவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அதைச் சொல்லும்வரை அவள் குரல் நிதானமாகத்தான் இருந்தது. பிறகு, "ஷெட்ல ஹீட்டரைப் போட்டுட்டுப் போயிருப்பாரு. கொஞ்சம் பாத்துடறீங்களா?" என்றாள். நான் சரி என்றேன். போனை வைக்கப்போகிறாள் என்று நினைத்தபோது மறுபடியும் பேசினாள்.

"நேத்துதான் கூப்பிட்டு ரெடின்னு சொன்னாரு. அடுத்த சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டேன், ஹெஸ்டர்."

எது ரெடி என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஷெட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். ஹீட்டர் அணைந்துதான் இருந்தது. விளக்கைப் போட மனம் வரவில்லை. பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆல்வின் ட்ரெட்கோல்ட் ஹிங்க்லியிலேயே பிறந்து, இங்கேயே காலுறை ஆலையில் பின்னல் இயந்திரங்களைப் பழுது பார்த்து, இங்கேயே ஓய்வு பெற்றவர். சுருதி சேராமல் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வார். வேலைக்குப் போடும் நீல அங்கியையும் இஸ்திரி போட்டுத்தான் உடுத்துவார். எதைக் கேட்டாலும் முதல் பதில் "பாக்கலாம்." அந்தச் சொல்லுக்குச் சம்மதம் என்றும் பொருள் உண்டு, முடியாது என்றும் உண்டு. எது என்று அவர் மனைவி கிளெனிஸுக்கு மட்டும் தெரியும்.

டாம்சின் பள்ளியில் படித்த காலத்தில் அப்பாவும் மகளும் ஒரு கிட் கார் கட்டத் தொடங்கினார்கள். சட்டமும் உடலும் பெட்டிகளில் வரும். இன்ஜினைப் பழைய வண்டி ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மீதி எல்லாம் வீட்டுக்காரர் கைவேலை. அவர்கள் ஷெட்டுக்கும் என் ஷெட்டுக்கும் ஒரே சுவர் என்பதால் சனி, ஞாயிறுகளில் அவர்கள் போடும் சண்டை எனக்கு அப்படியே கேட்கும்.

"அப்பா, அது இடது பக்கத்து போல்ட்டு."

"முப்பது வருஷமா போல்ட்டு முடுக்கறவன்கிட்ட சொல்றா பாரு."

"சாக்ஸ் மெஷின்லதானே முடுக்குன? சாக்ஸு நூறு கிலோமீட்டர் வேகத்துல போகுதா?"

அவள் கல்லூரிக்குப் போனபோது காருக்குச் சக்கரங்கள் வந்துவிட்டன, ஸ்டியரிங் வரவில்லை. அந்த வருடம் கிளெனிஸுக்குக் கால்கள் விழுந்துவிட்டன. மாடிப்படி ஏற முடியாது. ஷெட்டைப் படுக்கையறையாக மாற்றித் தருகிறோம் என்று நகராட்சி சொன்னது. ஆட்கள் திங்கட்கிழமையே வருகிறார்கள், விட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது என்றார்கள். வெள்ளிக்கிழமை ஆல்வின் அந்தக் காரை கவென்ட்ரிக்காரர் ஒருவருக்குக் கொடுத்து இழுத்துப்போகச் சொல்லிவிட்டார்.

மகளுக்குச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் ஷெட்டுக்குத்தான் ஓடினாள். உள்ளே தரைவிரிப்பு, கட்டில், ஜன்னல் திரை. அம்மாவுக்காக என்பதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

ஆல்வின் தேநீர் போடப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் வந்தாள், போனாள், அம்மாவைக் குளிப்பாட்டினாள், தலை வாரிவிட்டாள். அப்பாவிடம் மாத்திரை பற்றியும் டாக்டர் பற்றியும் மட்டும் பேசினாள். கிளெனிஸ் அந்த அறையில் பல வருடம் படுத்திருந்தாள். போன வருட வசந்தத்தில் அங்கேயே இறந்தாள்.

சில மாதம் கழித்து, வேலிக்கு அந்தப்பக்கம் நின்று ஆல்வின் என்னிடம் சொன்னார்: "டாம்சினுக்கு போன் பண்ணேன். திரும்ப ஒண்ணு கட்டலாமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"ஷெட்டை ரெடி பண்ணு, ரெடின்னு சொன்ன அன்னைக்கு லீவு போட்டுட்டு வர்றேன்னா."

அவர் முகம் சிவந்திருந்தது. நான் ரோஜாச் செடியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து படுக்கையறையை மறுபடியும் ஷெட்டாக்கும் வேலை தொடங்கியது. ஜன்னலை எடுத்துவிட்டுப் பெரிய கதவை மாட்டினார். விரிப்பைக் கிழித்தெடுத்து, அடியில் ஒட்டியிருந்த பசையை முழங்காலிட்டுச் சுரண்டினார். தரைக்குச் சாம்பல் வண்ணம் பூசி அது காய்கிறவரை தெருவில் யாரையும் கிட்டே விடவில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஹெஸ்டர், இங்க வந்து நில்லுங்க. முழங்கையை மடக்குங்க. அசையாதீங்க."

"என்ன, எனக்குச் சட்டை தைக்கிறீங்களா?"

"வேலை மேசை முழங்கை உசரத்துல இருக்கணும், இல்லேன்னா இடுப்பு போயிடும். நீங்களும் டாம்சினும் ஒரே உசரம்."

பென்சிலால் சுவரில் கோடு போட்டுக்கொண்டார். அவர் என்னைவிட ஒரு தலை உயரம். அந்த மேசையில் அவர் வேலை செய்தால் அவர் இடுப்புதான் போகும். அதை நான் சொல்லவில்லை.

கிட் கார் கட்டுகிறவர்களின் கழகத்து நண்பர் கார்டன் ஒரு நாள் பார்க்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, காரு கட்டப் போறியா, கண்ணு ஆபரேஷன் பண்ணப் போறியா? செருப்பைக் கழட்டிட்டு வரணுமா?"

"கழட்டு. உன் செருப்பை எனக்குத் தெரியும்."

கழகத்தில் எல்லோரும் செய்வதைப்போல, கார் நிற்கப்போகும் இடத்தைத் தரையில் ஒட்டுநாடாவால் காரின் அளவுக்கே வரைந்திருந்தார் ஆல்வின். நடுவில் இரண்டு சமையலறை நாற்காலிகள். கார்டன் ஒன்றில் உட்கார்ந்து இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பினார். எழுந்து நாடாவைச் சுற்றி நடந்து பார்த்தார். வலப்பக்கம் வந்ததும் பக்கவாட்டில் நண்டுபோல நகர வேண்டியிருந்தது.

"இந்தப் பக்கத்துச் சக்கரத்தை யாரு மாட்டுவா? பூனையா?"

ஆல்வின் சிரிக்கவில்லை.

எங்கள் தெருவில் ஷெட்கள் குறுகலாகக் கட்டப்பட்டவை. படுக்கையறை ஆக்கும்போது குளிர் வராமல் இருக்கச் செங்கல் சுவர்களுக்கு உட்பக்கம் மரச்சட்டம் அடித்து, பஞ்சு வைத்து, மேலே பலகை மாட்டியிருந்தார்கள். மற்ற பக்கங்களில் ஆல்வின் எல்லாவற்றையும் பிரித்துவிட்டார். வலப்பக்கத்தில் மட்டும் அப்படியே இருந்தது. கிளெனிஸ் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த சுவர் அது. மஞ்சள் குருவிகள் போட்ட சுவர்த்தாளை அவளே தேர்ந்தெடுத்தாள், அவர் ஒட்டினார். ஓரிடத்தில் தாள் சற்றுக் கீழிறங்கிவிட்டதால் ஒரு குருவிக்குத் தலை இல்லை. "அது இவரோட ஆலை மேனேஜர்தான், அச்சு அசல்" என்று கிளெனிஸ் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். பேச்சு குழறிப்போன பிறகும் விரலால் காட்டிச் சிரித்தாள்.

கார்டன் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இதையும் எடுத்துட்டா ஒரு சாண் கிடைக்கும். அது போதும்."

"பாக்கலாம்" என்றார் ஆல்வின்.

அந்த முறை அதன் பொருள் எனக்கும் புரிந்தது. நாடாவை இடப்பக்கம் நகர்த்தி ஒட்டினார், மேசைக்கு இடமில்லாமல் போனது. மேசையின் அகலத்தை அறுத்தார், அதுவும் போதவில்லை. புதுக் காரின் பெட்டிகளை அனுப்பட்டுமா என்று கம்பெனியில் கேட்டபோதெல்லாம் தள்ளிப் போட்டார். டாம்சின் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள். "இன்னும் கொஞ்சம்மா" என்பார். கோடையும் போய்விட்டது. ஒரு நாள் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க, ஹெஸ்டர். அவருக்கு இதுல மனசு இருக்கா? வர வேணாம்னு நினைச்சா நேரடியா சொல்லிடலாம்ல? போன தடவையும் அவரு எதையுமே சொல்லல."

சுவரைப் பற்றிச் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அம்மா படுத்திருந்த சுவருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அவசரப்படுத்தியிருப்பேனா?" என்றாள் கடைசியில். "நான் கேட்டதா அவர்கிட்ட சொல்லாதீங்க."

சொல்லவில்லை. ஆனால் வேலியோரம் பார்த்தபோது, "தாளைப் பத்திரமா உரிச்சு வச்சுக்கலாமே" என்றேன்.

"கிழிஞ்சிடும். நான் ஒட்டுனது எனக்குத் தெரியாதா?"

"அப்ப பலகையோட எடுத்துடுங்க."

"திருகெல்லாம் தாளுக்கு அடியில இருக்கு, ஹெஸ்டர். எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். வீட்டுக்குள் போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க ஷெட்டில் விளக்கு எரிந்தது. முணுமுணுப்பு கேட்டது, சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. சனிக்கிழமை அவர் மகளைக் கூப்பிட்டு ரெடி என்று சொல்லியிருக்கிறார். ஞாயிறு கடைக்குப் போனார்.

டாம்சின் அதே டிக்கெட்டில்தான் வந்தாள். அடக்கம் முடிந்து, ஹாம் சாண்ட்விச்சும் தேநீரும் முடிந்து, எல்லோரும் போன பிறகு இருவரும் ஷெட்டுக்குள் போனோம். அவள் மேசை முன்னால் நின்று கையை வைத்தாள். முழங்கை சரியாகப் பொருந்தியது.

"இது அவரு உசரம் இல்லையே."

"உன்னோடது. என்னை வச்சு அளந்தாரு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு வலப்பக்கச் சுவருக்குப் போனாள். குருவிகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பென்சில் வட்டங்கள். காந்தத்தைத் தாள்மேல் நகர்த்தி, ஒட்டிக்கொண்ட இடங்களிலெல்லாம் அவர் போட்டவை. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் பிளேடால் மெல்லிய கீறல், அதற்குள் திருகு இருந்த துளை. தாள் வேறெங்கும் கிழியவில்லை. தரையில் ஒரு ஜாம் பாட்டில் நிறையத் திருகுகள்.

"ஆஸ்பத்திரியில கொடுத்த அப்பாவோட பையில, தேய்ஞ்ச திருகைக் கழட்டற திருப்புளி முனை ஒண்ணு இருந்துச்சு, புதுசு" என்றாள். "இதுக்குத்தான் போயிருக்காரு."

குனிந்து கீழே பார்த்தாள். வலப்பக்கச் சுவர் இன்னும் நிற்கிறது. கீழ் வரிசையில் தலை தேய்ந்துபோன நான்கு திருகுகளைக் கழற்ற வேண்டியிருக்கிறது.