மூலாதாரத்தின் முதல் பாதி

பிற்பகல் மூன்று பத்துக்கு என் கைபேசியின் சத்தத்தை அணைத்து பிளாஸ்டிக் கூடைக்குள் போட்டேன். தியான வகுப்பின் விதி அது. கைபேசிகள் கீழே கூடையில் கிடக்கும். நாங்கள் மாடி அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்போம். விரிப்பு கூடாது. மண்ணின் குளிர்ச்சி உடம்பில் பட வேண்டும் என்பார் ஆசிரியர். மாடியில் மண் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

அங்கே போகக் காரணம் என் மகள். செய்யாறு தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறாள், கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் அம்மா காலையில் நன்றாக இருந்து மாலையில் இல்லாமல் போனாள். அதிலிருந்து பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். உடனே போன் செய்வேன். எடுக்காவிட்டால் மறுபடியும், மறுபடியும். "உன்னால எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கறாங்கப்பா" என்று ஒருநாள் சொன்னாள். அடுத்த சனிக்கிழமையே வகுப்பில் சேர்ந்தேன்.

முதுகெலும்பின் அடியில் இருப்பது மூலாதாரம். சிவப்பு நிறம், நான்கு இதழ், 'லம்' என்ற ஓசை. பயம் குடியிருக்கும் இடமும் அதுதான். அது நிலைகொண்டால்தான் மேலே உள்ள சக்கரங்களுக்கு வழி திறக்கும் என்றார் ஆசிரியர். நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன். வால் எலும்பருகே தாமரை எதையும் எந்தப் படத்திலும் வரைந்து காட்டியதில்லை. ஆனாலும் மூன்று மாதம் உட்கார்ந்தேன். என்னோடு சேர்ந்த ஜவுளிக்கடைக்காரர் அதற்குள் இதயத்துக்கு ஏறிவிட்டார். என்னை மட்டும் ஆசிரியர் அடியிலேயே வைத்திருந்தார். நான் பெயிலாக்கிய பிள்ளைகளின் முகமெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது.

அன்று வகுப்பு முடிந்து கூடையிலிருந்து கைபேசியை எடுத்தபோது மணி நாலே கால். மகளிடமிருந்து பதினொரு அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டால் அணைக்கப்பட்டிருந்தது.

பஸ் வந்து நிற்கும் முனைக்கு வண்டியை விரட்டினேன். பஸ் காலியாக நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பாவா? ஆஸ்பத்திரிகிட்டயே ஜல்தியா எறங்கிடுச்சே சார். அழுதுகினே போச்சு."

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனேன் என்பது இன்றும் நினைவில்லை. அவசரப் பிரிவில் கேட்டேன். அப்படி ஒரு பெண்ணைக் கொண்டுவரவில்லை என்றார்கள். இரண்டு தனியார் மருத்துவமனைகளிலும் அதே பதில். வீடு பூட்டியிருக்கும்போது அவள் வந்து நின்றால் என்ன செய்வாள் என்று தோன்ற, ஐந்தரைக்கு வீட்டுக்குத் திரும்பினேன். கதவைத் திறந்து போட்டுவிட்டு, வாசல் தெரியும்படி கூடத்துத் தரையில் உட்கார்ந்து 'லம்' சொன்னேன். நான்கு முறைகூடத் தாண்டவில்லை. மூன்று மாதம் ஒரு மனிதனை ஒரே இடத்தில் உட்காரவைத்து, தேவைப்படும் ஒரே நாளில் கைவிடுகிற சக்கரம் என்ன சக்கரம்? ஆசிரியர்மேல் கோபம் வந்தது. கூடைமேல் கோபம் வந்தது. சொன்னதும் கைபேசியைக் கொண்டுபோய்க் கூடையில் போட்ட என்மேல்தான் அதிகம்.

அப்போது எதிர்வீட்டு அக்கா மார்க்கெட்டிலிருந்து பையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டார்.

"வந்துட்டீங்களா சார்? பாப்பா எனக்கு போன் பண்ணுச்சு, அப்பா எடுக்கலன்னு. சார் மூலத்துக்குப் போயிருக்காருன்னு சொன்னேன். எப்பலருந்துன்னு கேட்டுச்சு. மூணு மாசமா போயிகினுதான் இருக்காரும்மா, உங்கிட்ட சொல்லலியான்னேன். அதுக்கு ஒரே பேஜாரா பூடுச்சு."

எங்கள் தெருவில் பாதிப் பேர் நாளெல்லாம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிறவர்கள். மூலம் என்றால் அங்கே ஒரே பொருள்தான். சனிக்கிழமைகளில் எங்கே போகிறேன் என்று அக்கா கேட்டபோது, மூலாதாரத்துக்கு என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். வாரம் தவறாமல் துத்திக்கீரை சமைத்துக் கொடுத்தனுப்பியது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. அக்கம்பக்கத்துப் பாசம் என்று நினைத்து, ரசித்து வேறு சாப்பிட்டிருக்கிறேன்.

மகளிடம் நான் வகுப்பைப் பற்றிச் சொல்லவே இல்லை. பயத்துக்கு வகுப்புக்குப் போகிற அப்பா என்று அவள் என்னை நினைக்க வேண்டாம் என்றுதான். வரும்போது என்ன வாங்கிவர என்று கேட்கத்தான் அவள் முதலில் கூப்பிட்டாளாம். அக்காவிடம் பேசிய பிறகு எனக்கு மீதி பத்து முறை. போன் எடுக்கவில்லை என்றால் அப்பாவை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்றே முடிவு செய்திருக்கிறாள். நான் அவசரப் பிரிவில் நின்றபோது அவள் அறுவைச் சிகிச்சை வார்டில் கட்டில் கட்டிலாகத் தேடியிருக்கிறாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, போனில் சார்ஜ் இல்லாமல் ஊரில் எங்கோ ஒரு பெண் அழுதுகொண்டு அலைகிறாள், அவளுக்கும் இந்த உலகத்தில் மிச்சம் ஒருவர்தான் என்பது. பயப்படுவது நான் மட்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆறு இருபதுக்கு வாசலில் ஆட்டோ நின்றது. கம்பெனிச் சீருடையோடு உள்ளே வந்தாள். கண் வீங்கியிருந்தது. கக்கத்தில் மருந்துக்கடைப் பை. அதற்குள் மூலக்காரர்கள் உட்காரும், நடுவில் ஓட்டை போட்ட வட்டத் தலையணை. போனை ஏன் சார்ஜ் போட்டு வைக்கவில்லை என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். பையிலிருந்து தலையணையை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள்.

"வெறுந்தரையில ஏம்பா உக்காந்துகினு இருக்கே? எழுந்திரு. இத போட்டுக்கோ."