தெற்றி வேலி மறைக்கிறதா

க்ரீச், க்ரீச். எங்கோ யாரோ பெரிய கத்தரியால் வேலிச்செடி வெட்டுகிறார்கள். எனக்கு உடனே அம்மாவின் கோபம்தான் ஞாபகம் வரும்.

பக்கவாதம் வந்து போனபோது அம்மாவின் வாயை இடப்பக்கமாகக் கொஞ்சம் இழுத்துவிட்டுப் போயிருந்தது. கையும் காலும் திரும்பி வந்தன. வாய் வரவில்லை. கரமனையில் எங்கள் கேட்டை ஒட்டியே பஸ் ஸ்டாப். பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு வேறு என்ன வேலை, எங்கள் முன்னறை ஜன்னலைப் பார்ப்பார்கள். அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஃபேனுக்கு அடியில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஆள் உயரத்துக்கு ஏதாவது வை. அப்புறம் திறக்கறேன்."

தெற்றி வைத்தேன், வெட்சி என்பார்களே, அதுதான். வெயிலானாலும் மழையானாலும் பச்சையாகவே நிற்கிற செடி. முழங்கால் உயரம் வந்ததும் பாதியாக வெட்டச் சொல்லியிருந்தார் நர்சரிக்காரர். விட்டால் உச்சியில் மட்டும் இலை வைத்து, காலடியில் ஓட்டையாக நிற்குமாம். வெட்டினேன்.

"மறைக்க வச்ச செடியை வெட்டறவன் லோகத்திலேயே நீ ஒருத்தன்தான்."

"வெட்டினாத்தாம்மா அடர்த்தியா வரும்."

"எனக்கு எண்பது ஆகப்போறது. செடிக்கு அது தெரியுமோ?"

தெரியாது. அது தன்பாட்டுக்கு வளர்ந்தது. சாணம் போட்டேன், வெட்டினேன். மழைக்காலம் வந்து போனது, மறுபடி வந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கிளை இரண்டாகி, பச்சை தோளோடு தோள் நெருங்கி, சிவப்புக் கொத்துகளோடு ஒருவழியாக என் தலையைத் தாண்டியது.

அன்று காலை முன்னறை ஜன்னல் திறந்திருந்தது. நாற்காலியில் அம்மா இல்லை. தேடிக்கொண்டு கேட் வரை போனேன். பஸ் ஸ்டாப் கூட்டத்துக்கு நடுவில் நின்று, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து, எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் ஒருவர் கண்ணிலும் படாத முகம், முழு வெயிலில். நான் கேட்டைத் திறக்கவில்லை.

பக்கத்தில் சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண், ஆரியசாலையில் ஏதோ மொத்தக் கடையில் வேலை பார்ப்பவள். "என்னம்மா பாக்கிய?"

"அந்த ஜன்னல்ல ஒரு மாமி தெரியறாளா பாரு."

அவள் குனிந்தும் எம்பியும் பார்த்தாள். "ஒருத்தரையும் காணல்லியே."

"வலது மூலையில?"

"அங்க இலைதான் ஆடுது."

கிழக்கேகோட்டை பஸ் வந்தது. அவள் படியில் காலை வைத்துக்கொண்டே திரும்பினாள். "சாயங்காலம் உள்ள லைட்டு போட்ட பிறவு ஒருக்கா பாத்துச் சொல்லுதேன்மா."

"சொல்லு," என்றாள் அம்மா. "அவ எங்கேயும் போகமாட்டா."