அமெரிக்க எழுத்தாளரும் ஒரு பச்சைக் குடையும்

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஓர் அமெரிக்க நாவலாசிரியரின் வாழ்க்கை வரலாறு எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் முக்கால்வாசி என் சித்தப்பா விட்ட சரடு என்பது வேறு விஷயம்.

கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் வீடு. சித்தப்பா ஃபேக்டரியின் மேல்மாடியில் பச்சை இலையை வாட்டும் வேலை பார்த்தார். பழைய மேனேஜர் பங்களாவைக் காலி செய்தபோது வெந்நீர் அடுப்புக்கென்று குவித்த புத்தகங்களில் ஒன்றை எடுத்து வந்திருந்தார். அவர் பிறப்பதற்கு வெகு முன்னால் அச்சான நாவல். பின்னட்டையில் பைப் பிடித்த ஒரு மனிதரும் ஒரு நாயும். கீழே நாலு வரி: சிற்றூரில் பிறந்தார், பத்திரிகையில் வேலை பார்த்தார், எழுதியதெல்லாம் லட்சக்கணக்கில் விற்றது, இப்போது பண்ணை வீட்டில் வசிக்கிறார். அவ்வளவுதான்.

பள்ளியில் ‘எனக்குப் பிடித்த எழுத்தாளர்’ என்று பேச்சுப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு, மூடியில் காந்தம் வைத்த பென்சில் டப்பா. அதன் மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை. ஆனால் வகுப்பே ஒரே கவிஞரைப் பற்றிப் பேசப் போகிறது என்று தெரிந்ததும் அழுதுகொண்டு உட்கார்ந்தேன். சித்தப்பா வலிய வந்தார்.

“அழுவாத கண்ணு. நம்ம அமெரிக்காக்காரரைப் பத்திப் பேசு. ஒருத்தருக்கும் தெரியாது, கெலிச்சுப்போடலாம்.”

நாலு வரியை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் எப்படிப் பேசுவது? சித்தப்பா அளந்துவிட்டார். எழுத்தாளரின் அம்மா அட்டைக்கடியோடு மழையில் கொழுந்து பறித்து அவரைப் படிக்க வைத்தாள். அவர் ஒரு பக்கம் எழுதியதும் தாளைக் கைக்குள் கசக்கிப் பிடித்துத் திறந்து பார்ப்பார். தாள் விரிந்துகொண்டால் கதை இன்னும் வாடவில்லை என்று மறுபடி எழுதுவார். எங்கள் ஃபேக்டரியில் இலை பதமாக வாடிவிட்டதா என்று பார்ப்பது அப்படித்தான். உலகம் முழுக்க நாவலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நான் நம்பினேன்.

கடைசியில் ஒரு பகுதி சேர்த்தார். எழுத்தாளரின் ஊர்ப் பள்ளிக்குப் புதிதாக ஒரு டீச்சர் வருகிறார். பச்சைக் குடை பிடித்தபடி தினமும் நடந்து போகிறார். எழுத்தாளர் மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறார். மழை இல்லாத நாளில் அவருக்கு எழுத்தே ஓடுவதில்லை. இந்த இடத்தை மட்டும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கச் சொல்லி என் பிராணனை வாங்கினார்.

“அமெரிக்காவுல இம்புட்டு மழையா கொழுந்தனாரே?” என்றார் அம்மா.

“நம்மூரை விட ஜாஸ்திங்க அண்ணி.”

போட்டிக்கு நடுவர்கள் இருவர்: தலைமையாசிரியர், கூடலூரிலிருந்து அந்த வருடம் வந்திருந்த இங்கிலீஷ் டீச்சர். தாளைக் கசக்கும் இடத்தில் டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பச்சைக் குடை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வராந்தாவில் ஈரம் சொட்டக் காய்ந்துகொண்டிருந்த தன் குடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிவக்க என்னைப் பார்த்தார். ஏதோ வரியை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

“அந்த டீச்சர்கிட்ட அவர் பேசவே இல்லையா?”

“இல்லைங்க டீச்சர். அவருக்குப் பயமுங்க.”

“பயந்தா கதை எப்படி முடியும்? வீட்டுக்குப் பெரியவங்களைக் கூட்டிட்டு வந்து கேக்கச் சொல்லு.”

“அமெரிக்காவுல இருக்கறவருக்கு நான் எப்படிங்க டீச்சர் சொல்றது?”

“தினம் உன்னை இங்க கொண்டுவந்து விடறாரே, அந்தச் சித்தப்பாகிட்ட சொல்லு. அவர் சொல்லிக்குவாரு.”

“அமெரிக்காவுல ஏதும்மா கொழுந்து?” என்று தலைமையாசிரியர் போட்டார் ஒரு போடு. எனக்கு இரண்டாம் பரிசுதான். ஒரு சோப்பு டப்பா.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். பரிசு என்ன ஆனது என்று சித்தப்பா கேட்கவே இல்லை. டீச்சர் என்ன சொன்னார், டீச்சர் என்ன சொன்னார் என்றுதான் துளைத்தார். தேம்பித் தேம்பிச் சொன்னேன். அவ்வளவுதான், என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு லைன் வீடுகளின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடினார். எங்கள் லைனில் முதல் வாசலில் ஒருவர் இருமினால் கடைசி வாசலில் கஷாயம் கொதிக்கும். சித்தப்பா நேராக டீச்சரோடு ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று புரிகிறது. அன்று, பிள்ளை தோற்றதற்கு இப்படிக் குதிக்கிறாரே என்று ஆத்திரத்தில் அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். அதற்கும் சிரித்தார்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூவும் பழமுமாக எல்லோரும் ஜீப்பில் கூடலூருக்குக் கிளம்பினோம். டீச்சர் வீட்டுக்குப் போகிறோம் என்றார் அம்மா. அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து எனக்காக நியாயம் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. பென்சில் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று, சோப்பு டப்பாவை நன்றாகக் கழுவித் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.