மருந்தில்லாத தோட்டா

யாங்கூனின் வெளிப்புறத்தில் இருந்த ஒரு துப்பாக்கி சுடும் மன்றத்தில் தங்கமணி வேலை பார்த்தாள். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்து, அடியில் தீப்பொறி தரும் புதுப் பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே குண்டை வைத்து அழுத்தி மறுபடியும் தோட்டாவாக்க வேண்டும். வெளிநாட்டுத் தோட்டா வருவது தடைப்பட்டதிலிருந்து பயிற்சிக்கு அவள் செய்து கொடுப்பதுதான். அதற்கு முன் மருந்துக் கடையில் பொடி நிறுத்து மடித்தவள். தராசு அவளுக்குப் புதிதல்ல.

அந்த அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது என்பது விதி. காலையில் கதவைச் சாத்தினால் மாலை வரை பேச்சே கிடையாது. நகரத்தின் நடுவே லத்தாவில் இருந்த வீட்டிலும் அப்படித்தான். கூடவே இருந்த தம்பி பழனியப்பனுக்கு ஊருக்கு வெளியே லைங் தாயாவில் தையல் ஆலை வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு போய்விட்டான். "நீயும் வாக்கா" என்று கூப்பிட்டான். அவன் பிடித்திருந்த ஒற்றை அறையைப் போய்ப் பார்த்தாள். தனக்குப் பாய் விரிக்க இடம் எங்கே என்று தேடிவிட்டு, "அப்புறம் வர்றேன்" என்று திரும்பிவிட்டாள்.

சுவருக்கு அப்பால் கேட்கும் சுடும் சத்தம்தான் அவளுக்குத் துணை. யார் சுடுகிறார்கள் என்றுகூட அவளால் சொல்ல முடியும். மழைக்காலத்தில் ஒரு காலை பர்கத்துல்லா சுட்டுக்கொண்டிருந்தான். போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த, முப்பது வயதைத் தாண்டிய ஆள். நிதானமாக, ஒரே சீராகச் சுடுவான். திடீரென்று ஒரு வெடி, யாரோ பாட்டில் மூடியைத் திறந்ததுபோல் 'டப்' என்று அமுங்கிக் கேட்டது.

தங்கமணி கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

"தம்பி! சுடாதீங்க! துப்பாக்கியக் கீழ வைங்க!"

அவன் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டிருந்தான். விரல் விசைக்குப் போகவில்லை. தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுக் குழலில் கம்பியை விட்டுப் பார்த்தபோது, பாதி வழியில் முட்டியது. முந்தைய குண்டு உள்ளேயே சிக்கியிருந்தது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் அவன் முகத்தருகே வெடித்திருக்கும்.

மன்றப் பொறுப்பாளர் ஊ சோ தெய்ன் வந்து பார்த்தார். "மழை ஈரம். மருந்து நமுத்திருக்கும்" என்று பர்மிய மொழியில் சொன்னார்.

"ஆமாக்கா, ஈரந்தான். நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றான் பர்கத்துல்லா.

தங்கமணி பெட்டியில் மிச்சமிருந்த தோட்டாக்களை அறைக்கு எடுத்துப் போனாள். முழுத் தோட்டாவாக நிறுத்துப் பார்த்தால் போதாது. கூட்டுக்குக் கூடு பித்தளையின் எடையே மாறும். ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைக் கழற்றி மருந்தைத் தாளில் கொட்டினாள். எல்லாம் பொலபொலவென்று காய்ந்து விழுந்தது. ஈரம் என்றால் கட்டி பிடித்திருக்கும். கடைசிப் பக்கம் ஒரு கூட்டைக் கவிழ்த்தபோது எதுவும் விழவில்லை. உள்ளே துடைத்ததுபோல் வெறுமை. மருந்தில்லாமல் பிரைமர் மட்டும் வெடித்தால் குண்டு பாதிக் குழலோடு நின்றுவிடும்.

முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் போனது நினைவுக்கு வந்தது. எல்லாரும் கிளம்பிப் போனார்கள். அவள் மட்டும் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு வந்ததும் எந்தக் கூடு வரை மருந்து போட்டோம் என்பது உறுதியாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஒரு குத்துமதிப்பில், விட்ட இடம் இதுதான் என்று தொடர்ந்துவிட்டாள்.

அந்தக் கூட்டைப் பொறுப்பாளர் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் அந்த வாரத்துத் தோட்டாக்கள் எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னார். பிரித்தாள்.

"கரண்ட் போனா வீட்டுக்குப் போக வேண்டியதுதானேக்கா?" என்று பர்கத்துல்லா கேட்டான்.

"போயி என்ன தம்பி பண்றது? அங்கயும் இருட்டுதான்."

அவன் தலை குனிந்துகொண்டான். பிறகு, "எங்க வீட்டுக்கு வாங்க. எல்லாரும் இருப்பாங்க, சாப்பிடலாம்" என்றான்.

"ஒரு நாள் வர்றேன்" என்றாள்.

குண்டை அழுத்துமுன் இன்னொருவர் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் தான் செய்ய மாட்டேன் என்று அவள் சொன்னாள். விதியை மாற்றினார்கள். கொஞ்ச நாள் பர்கத்துல்லாவே வந்து பார்த்தான். வீட்டுக் கதையெல்லாம் சொல்வான். தங்கமணி கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த நாட்களில் காலையில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்து சேர்ந்தாள்.

போட்டி முடிந்ததும் அவன் வேலைக்காக மலேசியா போய்விட்டான். அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போகவே இல்லையே என்று அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

இப்போது அவனுக்குப் பதில் வாசல் காவலாளி வருகிறார். டார்ச் அடித்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போகிறார். கரண்ட் போனால் தங்கமணி எல்லா மருந்தையும் டப்பாவில் திருப்பிக் கொட்டி, அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். பஸ்ஸில் வீட்டு நிறுத்தம் வருமுன், கடைத்தெருக்கள் நிறைந்த கியாக்டடாவிலேயே இறங்கி, கூட்டத்துக்குள் மெதுவாக நடந்து லத்தாவுக்குப் போகிறாள்.