மச்சினனை ஏற்றிய சின்ன கார்

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மச்சினன் கல்யாணம். ராஜபாளையத்திலிருந்து அவனை அழைத்துப்போக, சகலை புதிதாக வாங்கிய எஸ்யூவியைத்தான் மாமனார் பூவால் அலங்கரித்தார்.

"ஒங்க வண்டி போட்டோவுல எடுப்பா இருக்காது மாப்ள" என்றார் என்னிடம்.

என்னுடையது பழைய சின்ன கார். வாங்க ஆளில்லை என்று நிறுவனமே நிறுத்திவிட்ட மாடல். தெருவை அகலப்படுத்தாமல் காரை மட்டும் அகலப்படுத்துகிறார்கள் என்று இங்கே எத்தனை முறை பதிவு போட்டுப் புலம்பியிருப்பேன்!

மண்டபத்துக்குப் போகும் சந்தில், சுவருக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே எஸ்யூவி சிக்கிக்கொண்டது. கதவு திறக்க இடமில்லை. முகூர்த்தமோ நெருங்கிவிட்டது.

பின்னால் வந்த நான் இறங்கிப்போய்க் கேட்டேன்: "சகல, கேமரால நாலு பக்கமும் தெரியுமே?"

"சொவருதான் தெரியுது."

பட்டு வேட்டியும் மாலையுமாக மச்சினன் சன்ரூஃப் வழியாக ஏறி வெளியே வந்தான்.

என் காரில் வந்திருந்த மாமனார் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, ஒங்க வண்டிய எடுங்க."

"போட்டோவுல எடுப்பா இருக்காதே மாமா."

"தாலி கட்டுனாத்தான மாப்ள போட்டோவே."

அடுத்த சந்தில் புகுந்து நேரத்துக்குச் சேர்த்துவிட்டேன். இறங்கியதும் மாமனார் பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். என்னை அல்ல. பரவாயில்லை.

சகலையை டேக் செய்திருக்கிறேன். வண்டியை வெளியே எடுத்துவிட்டாரா என்று அந்தத் தெருக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.