புகை இல்லாத சத்தம்

மழை பெய்தால் அய்யம்மாளுக்குப் பகலிலேயே கனவு வந்துவிடும். கை வேலை செய்துகொண்டிருக்கும், கண் எங்கேயோ போயிருக்கும். வானம் பார்த்த பூமியில் பிறந்தவளுக்கு மழையைப் பார்த்து ஆசை தீர்ந்ததே இல்லை. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷக் கார்த்திகையில், அச்சங்குளத்துக்குக் கிழக்கே இருந்த அவள் ஊரில் ஒன்பது நாளாக மழை விடவில்லை. பட்டாசு காயப்போட வெயில் இல்லாததால் அவள் வேலை பார்க்கும் கம்பெனியை அடைத்துவிட்டார்கள். ஆள் ஏற்றிவரும் வேன்களும் ஓடவில்லை. வேன் ஓட்டும் அவள் புருஷன் சங்கையா, இதுதான் சமயமென்று வண்டியைச் சாத்தூர்ப் பட்டறையில் விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டான். அய்யம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து, கூரை ஓட்டிலிருந்து தண்ணீர் நூல் நூலாக இறங்குவதைச் சொக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை வைத்து அவளை விவரமில்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. பத்தொன்பது வயதில் ஒரு வெடி விபத்திலிருந்து தப்பி ஓடியவள் அவள். கூடவே ஓடிவந்த பாலம்மாளுக்குப் பாதி வழியில் தன் தூக்குவாளி ஞாபகம் வந்துவிட்டது. அதை எடுக்கத் திரும்பினாள், அவ்வளவுதான். தூக்குவாளியில் இருந்தது பழைய சோறும் இரண்டு வத்தலும். பதினாறு வருஷம் கழித்தும் வத்தல் வறுக்கிற வாசம் வந்தால் அய்யம்மாள் அடுப்படியை விட்டு எழுந்து போய்விடுவாள்.

அவள் வீட்டுக்கும் கம்பெனி வேலிக்கும் இருநூறு அடிதான். அதனால் மகள் அனுப்பிரியாவுக்கு நாலு வயதிலிருந்தே ஒத்திகை தொடங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை திடீரென்று அண்டாவைக் கரண்டியால் ஓங்கித் தட்டுவாள். பிள்ளை தின்றுகொண்டிருக்கும் தோசையைப் போட்டுவிட்டு, கொல்லை வழியாகக் கிழக்கே இருக்கும் பொட்டலுக்கு ஓட வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது, நிற்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. அய்யம்மாள் பின்னாலிருந்து, “அனு, அம்மா இங்கன இருக்கேன், நில்லுத்தா” என்று தேன் ஒழுகக் கூப்பிடுவாள். பிள்ளை ஏமாந்து திரும்பிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஓட வேண்டும்.

“ஏ அய்யம்மா, பிள்ளைய ஒலிம்பிக்குக்கா அனுப்பப்போறே?” என்று பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் வயிறு குலுங்கச் சிரிப்பாள். இந்த ஏழு வயதில் அனு, மிட்டாய் தருகிறேன் என்று கூப்பிட்டால்கூடத் திரும்பாத பிள்ளை ஆகிவிட்டாள். அய்யம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. தண்ணீருக்கு மட்டும் யாரும் ஒத்திகை பார்த்ததில்லை. குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்துக்கிடக்கிற ஊரில் வெள்ளத்தைப் பற்றிப் பேசினால் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

பத்தாம் நாள் காலை, பத்து மணி இருக்கும். மேற்கே ஒரு சத்தம் கேட்டது. டமார் என்று ஒரே அடி. வீடே ஒரு தடவை குலுங்கி அடங்கியது.

ஊர் யோசிக்கவே இல்லை. இந்தப் பக்கத்தில் சத்தம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். “எந்தக் கம்பெனிலே?” என்று கேட்டபடியே ஆணும் பெண்ணும் கிழக்கே பொட்டலைப் பார்த்து ஓடினார்கள். அனுவும் ஒத்திகைப்படி, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

அய்யம்மாளும் கொல்லைக்கு வந்து, பழக்கப்படி புகையைத் தேடினாள். நாலு திசையிலும் புகை இல்லை. வெடிமருந்து வாசமும் இல்லை. மண் வாசம்தான் மூக்கில் ஏறியது, அதுவும் வாழ்நாளில் அவள் அறியாத அளவுக்கு. கம்பெனி அடைத்துக் கிடப்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. மேற்கே, ஒன்பது நாள் மழையில் நிரம்பிக் கிடந்த கண்மாயின் கரையைப் பார்த்தாள். கரையில் வரிசையாக நின்ற பனைகளில் இரண்டைக் காணவில்லை. அவை இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. அதுவும் தன் பகல் கனவுகளில் ஒன்று என்றுதான் முதலில் நினைத்தாள்.

கண்மாய் உடைந்துவிட்டது. உடைந்த தண்ணீருக்குப் போக்கிடம் அந்தப் பொட்டல்தான். அது வேறொன்றும் இல்லை, பழைய ஓடை.

“அனு! நில்லு! திரும்பி வாடி!”

பிள்ளைக்குக் காதில் விழுந்தது. விழுந்ததும் இன்னும் வேகமாக ஓடியது. அய்யம்மாள் தன் வாயாலேயே தன் பிள்ளையைத் தண்ணீருக்குள் அனுப்பியிருக்கிறாள். எந்தப் பாவி சொல்லிக்கொடுத்தாள் இதை என்று தன்னையே ஏசிக்கொண்டு ஓடினாள். கனவில் ஓடுவது போல, எவ்வளவு ஓடியும் பிள்ளையின் மஞ்சள் கவுன் கிட்டத்தில் வரவில்லை. பிள்ளைக்கு முன்னால், மூச்சு வாங்கி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள் பொன்னுத்தங்கம்.

“மைனி! அவளப் பிடிங்க! வெடியில்ல, கண்மா ஒடஞ்சு போச்சு!”

பொன்னுத்தங்கம் பிள்ளையை மறித்துக் கட்டிக்கொண்டாள். யார் பிடித்தாலும் நிற்கக் கூடாது என்று படித்த பிள்ளை, அவள் கையை நறுக்கென்று கடித்தது. ரத்தம் வந்தது. பொன்னுத்தங்கம் கையை விடவில்லை.

“ஏட்டி, எம்புட்டுப் பல்லுடி ஒனக்கு” என்று அலறிக்கொண்டே தூக்கித் தோளில் போட்டாள்.

மேடு என்று அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. வெடித்தால் ஊரைத் தாக்காமலிருக்கக் கம்பெனியின் மருந்துக் குடோனைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் எழுப்பிய மண்கரை. பொட்டலுக்கு ஓடிய எல்லாரையும் கத்திக் கூப்பிட்டு, எதிலிருந்து ஓடப் பழகினார்களோ அதை நோக்கியே ஓடச் சொன்னாள் அய்யம்மாள். நாலைந்து பேர் தயங்கினார்கள். அதற்குள் கணுக்காலில் தண்ணீர் வந்து தொட்டது, சத்தமே இல்லாமல். பிறகு யாரும் தயங்கவில்லை.

வாட்ச்மேன் சோணைமுத்து கேட்டைத் திறந்தார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும், “பீடி, தீப்பெட்டி வச்சிருந்தா இங்கனயே போட்டுட்டுப் போங்க” என்றார். பயந்து நடுங்கிய ஜனம் அந்த நேரத்திலும் ஒழுங்காக மடியைத் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனது.

மத்தியானம்வரை ஊர் முழுவதும் அந்த மண்மேட்டில் உட்கார்ந்திருந்தது. பொட்டல் கடலாகிவிட்டது. அதன்மேல் பட்டாசு சுருட்டும் காகிதக் குழாய்கள் சிவப்பும் பச்சையுமாக ஆயிரக்கணக்கில் மெதுவாக மிதந்து போயின. அய்யம்மாளுக்கு அது அழகாகத் தெரிந்தது. அழகாகத் தெரிந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. முந்தானையைக் கிழித்துப் பொன்னுத்தங்கத்தின் கையில் கட்டிவிட்டாள். அய்யம்மாளுடைய வீட்டில் ஓடு மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் வரவில்லை. பிள்ளை மடியில் இருந்தது, சூடாக, மண் வாசத்தோடு.

“அம்மா, இனிமே சத்தம் கேட்டா எங்கன ஓடணும்?”

“மொதல்ல அண்ணாந்து பாரு. பொகை வந்தா பொட்டலுக்கு. பொகை இல்லன்னா இந்த மேட்டுக்கு.”

பிள்ளை யோசித்தது. கீழே தண்ணீருக்குள் அடைத்துக் கிடந்த கம்பெனி அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. அம்மா வேலை செய்யும் அறை எது என்று அதற்குத் தெரியும்.

“பொகை வந்து, நீ உள்ள இருந்தா?”

வெயில் வந்ததும் கம்பெனி திறக்கும், இந்தக் கேட் வழியாகத்தான் அய்யம்மாள் வேலைக்கு வர வேண்டும். பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

“அப்பவும் பொட்டலுக்குத்தான்.”

“நீ கூப்பிட்டா?”

“கூப்பிட்டாலும் வரக்கூடாது” என்றாள் அய்யம்மாள்.

பிள்ளை சரியென்று தலையாட்டியது.