சய்கல் வரைந்த பன்னிரண்டாவது குதிரை

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் சய்கல் நன்றாகப் படம் வரைவாள். கடைப் பலகைகள், பாட்டிலில் ஒட்டும் லேபிள்கள் என்று வீட்டிலிருந்தபடியே வேலை. ஆனால் யாருக்காக வரைகிறாளோ அவர்களோடு ஒன்பது வருடங்களாக அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நடுவில் ஒரு விளம்பர நிறுவனம் இருந்தது. அதன் மேனேஜர் அஸ்கத் கேட்டதை இவள் வரைந்து அனுப்புவாள். "கஸ்டமருங்க கத்துவாங்க, உனக்குத் தாங்காது. நான் பாத்துக்கறேன்" என்று அவன் சொல்லி வைத்திருந்தான். அவளும் நம்பிப் பயந்துகொண்டிருந்தாள்.

வசந்தத்தில் சூசமிர் மேய்ச்சல் நிலத்திலிருந்து ஒரு வேலை வந்தது. குதிரைப் பாலைப் புளிக்க வைத்து குமிஸ் விற்கும் குடும்பம். லேபிளில் குதிரை வேண்டும். சய்கல் வரைந்தாள். "பிடிக்கலையாம். இன்னும் வேகம் வேணும்" என்றான் அஸ்கத். பிடரி பறக்க, புழுதி கிளம்ப வரைந்தாள். அதுவும் பிடிக்கவில்லை. இப்படியே மூன்று மாதத்தில் பதினோரு குதிரைகள். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தாள். "எனக்கு வரையவே தெரியலையோ அக்கா?" என்று படிக்கட்டில் நின்று என்னிடம் கேட்டாள்.

கடைசியில் அஸ்கத்துக்கே அலுத்துவிட்டது. "சின்ன கஸ்டமர், விட்டுத் தள்ளு. வேணும்னா நீயே பேசிக்கோ" என்று அந்தக் குடும்பத்தின் போன் நம்பரை அனுப்பிவிட்டான்.

தனியாகப் பேசப் பயந்து என் சமையலறைக்கு வந்தாள். தேநீரை ஊற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். ஸ்பீக்கரில் காற்றின் இரைச்சலோடு ஒரு தடித்த குரல், "யாரு?" என்றது.

"நான்... குதிரை வரையற பொண்ணு."

"பூபுசாரா! குதிரைப் பொண்ணு பேசுது, ஓடி வா!" என்று மனைவியை அழைத்தார் குமிஸ்காரர் தோக்தொபெக். பிறகு, "ஏம்மா, உன் குதிரையெல்லாம் அழகாத்தான் இருக்கு. ஆனா எல்லாமே ஆண் குதிரையாச்சே! பாலை எங்கேருந்து கறக்கிறது?"

சய்கல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெண் குதிரை, பக்கத்துல குட்டின்னு மொத நாளே சொன்னேனே. பட்டணத்துப் பொண்ணு, பிடிவாதம் போலன்னு நெனச்சோம்."

"என்கிட்ட யாருமே சொல்லலண்ணே. இன்னும் வேகமா ஓடணும்னுதான் சொன்னாங்க."

"ஓடுற குதிரைக்குப் பின்னால வாளியத் தூக்கிக்கிட்டு நான் ஓடவா?"

"சும்மா இருங்க, அதைப் போய் கிண்டல் பண்ணிக்கிட்டு" என்றது பெண் குரல். "நீ வா கண்ணு. குதிரையையே பாத்துட்டுப் போ."

போனை வைத்துவிட்டு சய்கல் சிரித்தாள், அழுதாள், ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

அந்த சனிக்கிழமையே வேன் பிடித்து, கணவாயைத் தாண்டிப் போனாள். கூடாரத்துக்கு வெளியே குட்டியைக் கட்டிவிட்டு பூபுசாரா சாம்பல் நிறக் குதிரையிடம் பால் கறக்க, இவள் புல்லில் உட்கார்ந்து வரைந்தாள். "காதை இன்னும் கொஞ்சம் பின்னால சாய்ச்சு வரை. கறக்கும்போது அது கடுகடுன்னுதான் இருக்கும்" என்று அந்த அம்மாள் திருத்தினாள். தோக்தொபெக் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம சாம்பல்காரி" என்றார்.

"ஒரு காலைப்பொழுதுதான் அக்கா ஆச்சு" என்றாள் திரும்பி வந்து. "மூணு மாசமா யார்கிட்ட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்?"

அதன் பிறகு நேரடியாகத்தான் வேலை எடுக்கிறாள். அஸ்கத் சொன்னதும் முழுப் பொய்யில்லை. ஒரு ரொட்டிக்கடைக்காரி உண்மையாகவே கத்தினாள், பலகையில் எழுத்து சிறியது என்று. சய்கல் பெரிதாக்கிக் கொடுத்தாள். மறுநாள் ஒரு தட்டு நிறைய, கறி வைத்துச் சுட்ட சம்சா வந்தது, எனக்கும் இரண்டு கிடைத்தது. வயிற்று மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

நேற்று மேல்மாடி ஜன்னல் வழியே அவள் குரல் கேட்டது, கிளினிக் பலகைக்காக ஒரு பல் மருத்துவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்: "அதெல்லாம் இருக்கட்டும் டாக்டர், உள்ள வர்றவங்க உங்ககிட்ட மொதல்ல என்ன கேப்பாங்க? ... வலிக்குமான்னா? அப்ப பல்லே வேணாம், உங்க சிரிச்ச முகத்தைப் போட்டுடலாம்."